894.811: மெல்வில் டூயி வகுத்த வரிசையில் எமது இடம்

இலங்கையில் வெளியாகும் தமிழ் நூல்களின் தலைப்புப் பக்கத்துக்குப் பின்புறத்தை நிதானமாகப் படிப்போர் மிகச் சிலராகவே இருப்பர். பதிப்பாண்டு, அச்சகம் ஆகிய விவரங்களுக்கு அருகே, தேசிய நூலகம் வழங்கிய பட்டியல் தரவுகளும் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அந்நூல் கவிதையாகவோ சிறுகதையாகவோ நாவலாகவோ இருப்பின் 894.811 எனத் தொடங்கும் எண்ணொன்றை அங்கே காணலாம். இஸ்லாமிய மார்க்க நூலாயின் அது 297 எனவும், சைவ சமய நூலாயின் 294.5 எனவும் தொடங்கும். நூலகத்தில் அந்நூல் எந்த இறாக்கையில், எந்த நூலுக்கு அருகில் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அவ்வெண்ணே ஆகும். அந்த எண் வரிசைக்கு அடித்தளமிட்டவர், 25 வயதையும் அப்போது நிறைவு செய்திராத ஓர் அமெரிக்க இளைஞர். மெல்வில் டூயி என்னும் அவரது வாழ்க்கை வியப்புக்கும் கண்டனத்துக்கும் ஒருங்கே உரியதாகும்.

1851 டிசம்பர் 10ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தின் வடபகுதியிலுள்ள அடம்ஸ் சென்ரர் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். ஐந்து பிள்ளைகளுள் இளையவர். தந்தையார் பாதணி செய்பவர். பலசரக்குக் கடையொன்றையும் நடத்தி வந்தார். பெற்றோர் இருவரும் கண்டிப்பான பப்ரிஸ்த சபைக் கிறிஸ்தவர்கள். ஹங்கேரிய விடுதலை வீரர் லூயி கொசூத்தின் புகழ் அமெரிக்காவெங்கும் பரவியிருந்த காலம் அது. குழந்தைக்கு மெல்வில் லூயி கொசூத் டூயி எனப் பெயரிட்டனர். இந்த ஹங்கேரியத் தொடர்பை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பது நன்று. பின்னர் அதற்கு வேலை உண்டு.

1868இல் அவர் பயின்ற பாடசாலை தீப்பற்றி எரிந்தபோது, உள்ளே புகுந்து இயன்ற அளவு நூல்களை வெளியே சுமந்து வந்தார் எனவும், புகையால் நோயுற்ற அவர் நெடுநாள் வாழமாட்டார் என வைத்தியர்கள் கருதினர் எனவும் அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த செய்தியைக் கேட்டு வளர்ந்த எம்மவருக்கு இந்நிகழ்வு மனத்தைத் தொடுவதாகவே இருக்கும். காலத்தை வீணாக்கலாகாது என்ற வேட்கை அவரை வாழ்நாள் முழுதும் துரத்தியதற்கு அந்நோயே காரணம் என்பர். மீற்றர் அளவை முறையை அமெரிக்கா ஏற்க வேண்டும் எனப் பாடுபட்டார். ஆங்கிலச் சொற்களின் எழுத்துக்கூட்டலைச் சுருக்க வேண்டும் என்றும் வாதாடினார். தமது பெயரிலேயே மிகையெனக் கண்ட எழுத்துகளை வெட்டி எறிந்தார். குடும்பப் பெயரையும் சில ஆண்டுகள் மூன்றே எழுத்துகளில் எழுதிப் பின்னர் பதவி கருதிப் பழைய வடிவுக்குத் திரும்பினார்.

1870இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் அம்ஹேர்ஸ்ற் கல்லூரியில் சேர்ந்த அவர், 1872 முதல் அங்குள்ள நூலகத்தில் பணிபுரிந்தார். அக்கால நூலகங்களின் நடைமுறை இன்று எமக்கு விசித்திரமாகத் தோன்றும். எண் என்பது நூலுக்குரியதன்று, இறாக்கைக்குரியது. இன்ன அறை, இன்ன அலுமாரி, இன்ன தட்டு, இடமிருந்து இத்தனையாவது நூல் என்பதே அதன் முகவரி. தட்டு நிரம்பிவிட்டால் அதே பொருள் பற்றிய புதிய நூல் வேறெங்கோ போய் நிற்கும். அல்லது நூல்கள் அனைத்தையும் நகர்த்தி, பட்டியல் முழுவதையும் மீள எழுத வேண்டியிருக்கும். ஒவ்வொரு நூலகமும் தனக்கெனத் தனியொரு முறையை வைத்துக்கொண்டு ஒரே வேலையை மீண்டும் மீண்டும் செய்து வந்தது. காலவிரயத்தைப் பகையாகக் கருதிய இளைஞருக்கு இது பொறுக்கவில்லை.

1873இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லூரித் தலைவர் ஆற்றிய நீண்ட பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது தமக்கு விடை தோன்றியதாக டூயி பிற்காலத்தில் எழுதினார். ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின் எழுதப்பட்ட இக்கதையைச் சற்று எச்சரிக்கையுடனேயே ஏற்க வேண்டும். விடையின் சிறப்பில் ஐயமில்லை. அறிவு முழுவதையும் பத்து வகுப்புகளாக்கி, ஒவ்வொன்றையும் பத்தாகவும், அவற்றை மீண்டும் பத்தாகவும் பிரித்து, அதற்குமேல் தசமப் புள்ளியிட்டு விரும்பிய அளவு நீட்டிச் செல்லலாம். எண் நூலின் பொருளுக்குரியது. நூல் எங்கு நகர்ந்தாலும் எண் அதனுடனேயே நகரும். புதிய நூல் எத்தனை வந்தாலும் பழையவற்றின் நடுவே தனக்குரிய இடத்தைக் கண்டுகொள்ளும். வகுப்புகளின் வரிசையைச் சென் லூயிஸ் நகரின் வில்லியம் ஹரிஸ் 1870இல் வகுத்த திட்டத்தைத் தழுவியே அமைத்தார். 1876இல் 44 பக்கங்கள் கொண்ட சிறு நூலாக இது வெளிவந்தது. ஆசிரியரின் பெயர் அட்டையில் இருக்கவில்லை.

இனி, அந்தப் பத்துப் பெட்டிகளுள் எவரெவருக்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்பதைப் பார்ப்போம். 200ஆம் வகுப்பு சமயத்துக்குரியது. 220 பைபிள், 230 கிறிஸ்தவ இறையியல், அங்கிருந்து 280 வரை கிறிஸ்தவ வழிபாடு, குருத்துவப் பணி, திருச்சபை வரலாறு, சபைப் பிரிவுகள் எனத் தொடர்ந்தது. ஒன்பது பிரிவுகளுள் ஏழு ஒரே சமயத்துக்கு. உலகின் ஏனைய சமயங்கள் அனைத்தும் 290 என்னும் ஒரே பிரிவுக்குள் நெருக்கியடித்து நின்றன. கிரேக்க, ரோமானியத் தொன்மங்களுக்கு 292. இந்தியாவில் தோன்றிய சமயங்களுக்கு 294. யூதர்களுக்கு 296. இஸ்லாத்துக்கு 297, அதுவும் முஹம்மதியம் என்ற பெயரில். நபிகள் நாயகத்தை (ஸல்) வணங்குவோர் என்ற பொருள்படும் அப்பெயரை முஸ்லிம்கள் என்றும் ஏற்றதில்லை. பிற்காலப் பதிப்புகளிலேயே இஸ்லாம் என்ற பெயர் இடம்பெற்றது.

இதன் நடைமுறை விளைவை எண்களின் நீளமே காட்டும். பைபிளுக்கு 220 என்ற மூன்று இலக்கங்கள் போதும். அதில் அடங்கும் மத்தேயு நற்செய்திக்கு 226.2. அல்குர்ஆனின் பகுப்பெண் 297.122. சைவ நெறி பற்றிய நூலுக்கு 294.5513 என ஏழு இலக்கங்கள் வேண்டும். நூலின் முதுகில் ஒட்டும் சிறு கடதாசித் துண்டில் எழுத இடம் போதாமை ஒருபுறமிருக்க, எது மையம், எது விளிம்பு என்பதை இறாக்கைக்கு முன் நிற்கும் சிறுவனுக்கும் இவ்வெண்கள் சொல்லாமற் சொல்லிவிடுகின்றன.

இலக்கியத்தின் கதையும் இதுவே. 810 அமெரிக்க இலக்கியம், 820 ஆங்கிலம், 830 ஜேர்மன், 840 பிரெஞ்சு, 850 இத்தாலியன், 860 ஸ்பானியம், 870 இலத்தீன், 880 கிரேக்கம். எஞ்சிய உலகுக்கு 890. அரபு இலக்கியம் 892.7 ஆகவும், சிங்களம் 891.48 ஆகவும், தமிழ் 894.811 ஆகவும் நிற்பது அந்தக் கடைசிப் பிரிவிலேதான். இத்தீவில் ஒன்றையொன்று முந்த முயன்ற இரு மொழிகளும் டூயியின் கண்களில் சமமாகவே 'ஏனையவை' ஆகின. எம்மிடையே உள்ள தமிழ்க் கிறிஸ்தவரின் நிலையோ மேலும் சுவையானது. அவரது வேதத்துக்கு முன்வரிசை. அவர் எழுதும் கவிதைக்குக் கடைசி வரிசை.

894 என்னும் எண்ணின் அயலவர் எவர் எனப் பார்த்தால் வியப்பு மேலிடும். துருக்கிய இலக்கியம் 894.35, ஹங்கேரிய இலக்கியம் 894.511, பின்லாந்து மொழி இலக்கியம் 894.541, அதன் பின்னர் தமிழ். சங்கப் பாடல்களும் ஹங்கேரியக் கவிதையும் ஒரே மூன்று இலக்கங்களின் கீழ் வந்தது எவ்வாறு? 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்லும், திராவிட மொழிகள் மத்திய ஆசியச் சித்திய மொழிகளோடு உறவுடையவை எனக் கருதியவரே. மொழியியலாளர் நெடுநாளைக்கு முன் கைவிட்ட அக்கருத்தின் தடயம் நூலகத்தின் எண்ணில் தங்கிவிட்டது எனலாம். கொசூத்தின் பெயரைத் தாங்கிய டூயி, கொசூத்தின் தாய்மொழிக்கும் கடைசிப் பிரிவிலேயே இடமளித்தார் என்பது இன்னொரு வேடிக்கை.

இவற்றையெல்லாம் டூயி எம்மீது கொண்ட பகையால் செய்தார் எனக் கூறுவது நியாயமாகாது. அம்ஹேர்ஸ்ற் கல்லூரி 1821இல் கிறிஸ்தவக் குருமாரைப் பயிற்றும் நோக்கத்தோடு தொடங்கப்பட்டது. அதன் இறாக்கைகளில் பிரசங்கத் தொகுப்புகளும் திருச்சபை வரலாறுகளும் வரிசை வரிசையாக நின்றன. கையிலிருந்த நூல்களை அடுக்கவே அவர் வழி தேடினார். அந்தக் கல்லூரிக்கு அது பொருத்தமான அடுக்கே. ஒரு கிராமத்துக்கென வரைந்த படத்தை உலகப் படமாக மாட்டியதிலேதான் தவறு நேர்ந்தது. ஆனால் பகை இல்லாத இடத்திலும் பாரபட்சம் இருக்கக்கூடும். சொல்லப்போனால், தனிமனிதரின் வெறுப்பைக் காட்டிலும் இத்தகைய பாரபட்சத்தைக் கண்டறிவதும் களைவதும் கடினம். டூயியின் வாழ்வில் இவ்விரண்டும் உண்டு என்பதால், அவரது பிற்காலத்தையும் நோக்க வேண்டியுள்ளது.

1876 ஒக்டோபரில் பிலடெல்பியாவில் அமெரிக்க நூலகச் சங்கம் உருவானபோது அதன் நிறுவுநர்களுள் அவரும் ஒருவர். நூலகத் துறைக்கான சஞ்சிகையின் முதல் ஆசிரியரும் அவரே. நூலகங்களுக்குரிய அட்டைகளையும் தளபாடங்களையும் விற்கும் நிறுவனமொன்றையும் தொடங்கினார். 1883இல் நியூயோர்க்கின் கொலம்பியா கல்லூரி நூலகராகப் பதவியேற்ற அவர், 1887 ஜனவரியில் அங்கே நூலகவியலுக்கான முதலாவது கல்விக்கூடத்தைத் திறந்தார். சேர்ந்த 20 மாணவர்களுள் 17 பேர் பெண்கள். பெண்களை அனுமதிக்காத அக்கல்லூரியின் நிர்வாகத்தினர் வகுப்பறை தர மறுத்தனர். டூயி ஒரு களஞ்சிய அறையைத் துப்புரவாக்கி அங்கே கற்பித்தார். பெண்களுக்கு ஒரு தொழிற்றுறையையே திறந்துவிட்டவர் என்ற பெருமை அவருக்குரியது. எனினும் அதே கல்விக்கூடத்துக்கு விண்ணப்பித்த பெண்களிடம் உயரம், நிறை, தலைமுடியின் நிறம் முதலியவற்றை அவர் கேட்டார் என்பதும் பதிவாகியுள்ளது. அவரது பகுப்பு முறையில் பெண்களின் நிலை பற்றிய நூல்களுக்கு 396 என்ற எண் வழங்கப்பட்டது. 395 நல்லொழுக்க உபசாரம். 397 நாடோடிகளும் ஒதுக்கப்பட்ட இனத்தவரும். 398 நாட்டார் கதைகள். பெண் என்பவள் மனித சமூகத்தின் பாதி என்றல்லாது, வழக்காறுகளுள் ஒன்றாகவே அங்கு எண்ணப்பட்டாள். சமூகக் குழுக்களுக்குரிய 305.4 என்ற எண் அவ்விடயத்துக்குக் கிடைக்கப் பல தசாப்தங்கள் சென்றன.

கொலம்பியாவில் முரண்பாடு முற்றவே, டூயி நியூயோர்க் மாநில நூலகராக அல்பனி நகருக்குச் சென்றார். கல்விக்கூடத்தையும் தம்முடன் கொண்டு சென்றார். அங்கிருந்தபோதே 1895இல் மலைப்பாங்கான லேக் பிளசிட் என்னுமிடத்தில் ஓய்வுக் கழகமொன்றை நிறுவினார். கற்றோரும் நற்குடியினரும் வந்து தங்கும் இடம் என்பது அவர் எண்ணம். உணவுப் பட்டியல் கூட அவரது சுருக்க எழுத்துக்கூட்டலிலேயே அச்சிடப்பட்டது. யூதர்களுக்கு அங்கே அனுமதியில்லை. எத்தகைய தகுதி உடையவராயினும் விதிவிலக்கில்லை என்பதைக் கழகம் அச்சிட்ட சுற்றறிக்கையே கூறியது. கறுப்பினத்தவரும் சேர்க்கப்படவில்லை. யூதர்களும் வரி செலுத்தும் மாநிலத்தில், அவ்வரியிலிருந்து சம்பளம் பெறும் அதிகாரி இவ்வாறு நடப்பதா எனக் கேட்டு, சட்டத்தரணி லூயிஸ் மார்ஷல் உள்ளிட்ட நியூயோர்க் யூதப் பிரமுகர்கள் மாநிலக் கல்விச் சபையிடம் மனுவொன்றைச் சமர்ப்பித்தனர். அது தனியார் கழகம், அரச பணிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது டூயியின் நியாயம். 1905 பெப்ரவரியில் சபை அவரைப் பகிரங்கமாகக் கண்டித்தது. அதே ஆண்டில் அவர் பதவி விலகினார்.

அந்த ஆண்டே இன்னொரு வழக்கும் அவரைச் சூழ்ந்தது. போட்லன்ட் நகரில் நடைபெற்ற நூலகச் சங்க மாநாட்டின் பின் அலஸ்காவுக்கு மேற்கொள்ளப்பட்ட பயணத்தில் அவர் முறைகேடாக நடந்துகொண்டார் எனப் பெண் நூலகர்கள் முறையிட்டனர். தாம் நிறுவிய சங்கத்தின் நடவடிக்கைகளிலிருந்து அவர் ஒதுங்க நேர்ந்தது. இறுதிக் காலத்திலும் முன்னாள் சுருக்கெழுத்தாளர் ஒருவர் தொடுத்த வழக்கை 2000 டொலருக்கு மேல் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார். பெண்களுக்கு வாசலைத் திறந்தவரே வாசலுக்குள் வந்தவர்களை இவ்வாறு நடத்தினார். ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க முயல்வோருடன் நாம் உடன்படுவதற்கில்லை.

இதற்கிடையில் அவரது எண்கள் அவரின்றியே உலகைச் சுற்றத் தொடங்கியிருந்தன. 1885இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் அவர் ஓர் உறுதிமொழி அளித்தார்: எண்களை விரிவாக்கலாம், ஆனால் ஒருமுறை வழங்கப்பட்ட எண்ணின் பொருள் பெரிதும் மாற்றப்படாது. இதை நம்பியே நூலகங்கள் துணிந்து இம்முறையை ஏற்றன. ஆயிரக்கணக்கான நூல்களின் முதுகிலும் அட்டைகளிலும் எழுதிய எண்ணைப் பதிப்புக்குப் பதிப்பு மாற்றுவதற்கு எந்த நூலகத்திடம் ஆள்பலம் உண்டு? 1951இல் வெளியான 15ஆம் பதிப்பு பல எண்களைத் துணிச்சலாக இடம் மாற்றியபோது, நூலகர்கள் பலர் அதை ஒதுக்கிவிட்டுப் பழைய பதிப்பையே வைத்துக்கொண்டனர். 135க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இம்முறை பரவக் காரணமான அந்த நிலைத்தன்மையே 1876ஆம் ஆண்டின் அம்ஹேர்ஸ்ற் கல்லூரியையும் எங்கும் சுமந்து சென்றது.

இதை முதலில் நேருக்கு நேர் எதிர்கொண்டோருள் ஒருவர் வொஷிங்டனிலுள்ள ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் கறுப்பின நூலகர் டொரதி போர்ட்டர். டூயி உயிரோடிருந்த 1930இல் அங்குள்ள ஆபிரிக்க அமெரிக்கத் தொகுப்பின் பொறுப்பை அவர் ஏற்றார். கறுப்பினத்தவர் எழுதிய நூல் எதுவாயினும் அதை 325இல் வைப்பது பல நூலகங்களின் வழக்கமாயிருந்தது. அது குடியேற்றத்துக்குரிய எண். அதற்கு அடுத்த 326 அடிமைத்தனத்துக்குரியது. ஜேம்ஸ் வெல்டன் ஜோன்சன் எழுதிய கவிதை நூலும் கவிதைகளுடன் நிற்காமல் குடியேற்றத்தினுள் கிடந்தது. போர்ட்டர் அந்த வழக்கத்தை ஏற்கவில்லை. கவிதையைக் கவிதையிடமும் வரலாற்றை வரலாற்றிடமும் கொண்டுபோய் வைத்தார். மேடையும் போராட்டமும் இன்றி, இறாக்கைக்கும் பட்டியல் அட்டைக்கும் இடையே நிகழ்ந்த அந்தத் திருத்தத்தை, டூயி கண்ட முறையளவுக்கே மதிக்கத்தக்க சாதனையாக நாம் கருதுகிறோம்.

தமிழரிடையேயும் ஒருவர் இருந்தார். 1892இல் சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், இலண்டனில் பயிலும்போதே டூயி முறையின் இறுக்கத்தை உணர்ந்து, 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். அதில் தமிழுக்கு 31 என்ற இரண்டே இலக்கங்கள், ஆங்கிலத்துக்கு 111. ஒரு தமிழ் வாசகர் இதைக் கண்டு புன்னகைப்பதில் பிழையில்லை. ஆயினும் அவரது சமய வகுப்பையும் பார்க்க வேண்டும். முதலிரண்டு இடங்கள் வைதிக இந்து சமயத்துக்கும் அதற்குப் பிந்திய இந்து சமயத்துக்கும், பின்னர் சமணம், பௌத்தம், யூதம், கிறிஸ்தவம், ஏழாவதாகவே இஸ்லாம். அரபு நாடுகளில் டூயி முறையைத் தழுவியோரும் 200ஆம் வகுப்பின் முன்னணி எண்களை இஸ்லாத்துக்கு வழங்கி மற்றவற்றைப் பின்னே தள்ளினர். அடுக்குபவர் மாறினால் முன்வரிசையும் மாறுகிறது. பின்வரிசை என்ற ஒன்று மட்டும் எவரது அடுக்கிலும் மறைவதில்லை.

டூயி தமது கடைசி ஆண்டுகளில் கழகத்தின் கிளையொன்றைத் தென்மாநிலமான புளோரிடாவில் அமைத்தார். 1931 டிசம்பர் 26ஆம் திகதி, 80ஆம் பிறந்தநாளின் இரு வாரங்களுக்குப் பின், பக்கவாதத்தால் அங்கேயே காலமானார். அடுத்த பெப்ரவரியில் லேக் பிளசிட்டில் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. அதனை அங்கு கொண்டுவர முன்னின்றவர் அவரது மகன் கொட்பிரி.

1996இல் வெளியான 21ஆம் பதிப்பில் யூதம், இஸ்லாம் ஆகியவற்றின் பிரிவுகள் விரிவாக்கப்பட்டன. 2003இல் வெளியான 22ஆம் பதிப்பு, 201 முதல் 209 வரையான எண்களைச் சமயங்கள் அனைத்துக்கும் பொதுவாக்கி, கிறிஸ்தவத்துக்கு மட்டும் உரியதாயிருந்த முன்வாசலைத் திறந்துவிட்டது. 220 முதல் 280 வரை மட்டும் அசையவில்லை. 2019 ஜூனில் அமெரிக்க நூலகச் சங்கத்தின் பேரவை, டூயியின் இனப் பாகுபாட்டையும் பெண்களிடம் அவர் நடந்துகொண்ட முறையையும் காரணங்காட்டி, தனது உயரிய பதக்கத்திலிருந்து அவரது பெயரை நீக்கத் தீர்மானித்தது. பதக்கத்தின் பெயரை ஒரு கூட்டத்தில் நீக்க முடிந்தது. 290உம் 890உம் இன்றும் இருந்த இடத்திலேயே உள்ளன.

உள்ளூர்ச் சமயத்துக்கோ இலக்கியத்துக்கோ முன்னணியிலுள்ள குறுகிய எண்ணை வழங்கிக்கொள்ள விரும்பும் நூலகம் அவ்வாறு செய்யலாம் என டூயி முறையின் அட்டவணைகளே அனுமதிக்கின்றன. அவ்வழியைத் தேர்ந்தெடுக்கும் நூலகம், பிற நூலகங்களிலிருந்து ஆயத்தமாகப் பெறும் பட்டியல் பதிவுகள் ஒவ்வொன்றிலும் எண்ணைத் தன் கையாலேயே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.